அப்பா ஓட்டிய மாதிரி வண்டி: பழைய கேட்டர்பில்லர் டி2-ஐச் சீர்செய்யும் முறை

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் குத்தகை முடிந்து காலி செய்துகொண்டிருந்த ஒரு மீன் பண்ணையின் பின்பக்கம், இடுப்பளவு லாலாங் புல்லுக்குள் அது நின்றது: சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் சின்ன டிராக்டர், கேட்டர்பில்லர் டி2. ரேடியேட்டர் சட்டத்தில் கொடி சுற்றியிருந்தது. இருக்கையின் தோல் போய்ச் சுருள்கம்பி மட்டும் மிச்சம். பண்ணைக்காரர், பழைய இரும்புக்குப் போட்டால் என்ன வருமோ அதைக் கொடு என்றார். நான் பேரம் பேசவில்லை. இதே மாதிரி டி2-ஐத்தான் என் அப்பா ஜொகூரில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் ஓட்டினார். 1960களில் ஜூரோங்கில் மேட்டைச் சீவிச் சதுப்பை நிரப்பிய வேலைக்கு வந்த பிறகு பெரிய பெரிய வண்டிகள் அவர் கைக்கு வந்தன. ஆனாலும் கடைசிவரை அவர் பேச்சில் வந்தது அந்தச் சின்ன டி2தான்.

நான் 36 வருடம் கனரக வண்டிப் பட்டறைகளில் மெக்கானிக்காக இருந்தவன். இந்த டி2-ஐ ஓட வைக்க எனக்கு 16 மாதம் பிடித்தது. சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை. கூட என் அக்கா மகன். அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் மழையில் நின்றதால் ஆகும் சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். வாங்கிய முதல் வாரத்தில், "ஸ்டார்ட் ஆகுதா, பார்ப்போம்" என்று முறுக்குகிறோமே, அதில் ஆகும் சேதத்துக்குத்தான் சாமான் கிடைப்பதில்லை. கீழே நான் சொல்லும் வரிசை எல்லாமே அந்த அவசரத்தைத் தள்ளிப்போடத்தான்.

எது என்று தெரிந்துகொள்வது

டி2 வண்டிகள் 1938 முதல் 1957 வரை வந்தன. எஞ்சினில் இருக்கும் தகட்டையும் பின்பக்க வார்ப்பு இரும்பில் அடித்திருக்கும் எண்ணையும் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். எண்ணின் முன்னால் வரும் எழுத்துதான் முக்கியம். 3ஜே, 5ஜே என்றால் 1947 வரையிலான பழைய வகை. 4யூ, 5யூ என்றால் அதற்குப் பிந்தியது. 3ஜேயும் 4யூவும் ஒரு செயினின் நடுவிலிருந்து மறு செயினின் நடுவரை 40 அங்குலம் உள்ள ஒடுக்கமான வண்டிகள். 5ஜேயும் 5யூவும் 50 அங்குலம். என்னுடையது 5யூ. இந்த எண் இல்லாமல் சாமான் கேட்கப் போகாதீர்கள். பழைய வகை எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 3¾ அங்குலம், புதியதில் 4 அங்குலம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிஸ்டன் ரிங் மாறி வந்து நின்றால்தான் வித்தியாசம் உறைக்கும்.

அதன் பிறகு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு கம்பி, எந்த போல்ட் எங்கே என்று எல்லாவற்றையும். நான் முந்நூறுக்கு மேல் எடுத்தேன். ஆறு மாதம் கழித்துக் கையில் ஒரு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் படம்தான் வழி காட்டும்.

இடமும் தூக்குவதும்

வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் இந்த வேலையை எங்கே செய்வது? நான் சுங்கை காடுட்டில் ஒரு மரப் பட்டறை முதலாளியிடம் மூலையில் இரண்டு லாரி நிற்கும் இடம் வாடகைக்குக் கேட்டேன். முன்பு வேலை செய்த இடத்தில் பழக்கமானவர். கூரை, மூன்று கட்ட மின்சாரம், மேலே ஓடும் கிரேன், இந்த மூன்றும் உள்ள இடமாகப் பாருங்கள். கூரை இல்லாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம் ஊர் மழைக்குத் திறந்த எஞ்சினை ஒரு இரவுகூட வெளியே விட முடியாது.

வண்டியின் கனம் மூன்று டன்னைத் தாண்டும். இரும்புச் செயின் தார்ச்சாலையைக் கிழித்துவிடும் என்பதால் தாழ்தள லாரியில்தான் ஏற்றிவர வேண்டும். ஏற்றும் முன் செயினுக்குள் இறுகிய மண்ணைப் பண்ணையிலேயே கழுவிவிடுங்கள். சாலையில் மண் சிந்தினால் அபராதம் வரும். பட்டறையில் கழுவினால் அந்தச் சேறும் எண்ணெயும் சாக்கடையில் போகும். சுங்கை காடுட்டுக்குப் பக்கத்தில்தான் கிராஞ்சி நீர்த்தேக்கம் இருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீர் அது. வடித்த எண்ணெய் முழுவதையும் டிரம்மில் பிடித்து மூடி, உரிமம் உள்ள கழிவு எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கட்டும்.

தூக்கி நிறுத்த, செங்கால் என்ற கெட்டி மரத்தின் கட்டைகளை அடுக்கினேன். மரப் பட்டறையில் இடம் பிடித்ததன் லாபம் அது. ஜாக்கை நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்குக் கட்டை.

திறக்கும் முன், வடித்துப் பாருங்கள்

முதல் வேலை எண்ணெய். எஞ்சின், கியர் பெட்டி, இரண்டு பக்க ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கடைசிக் கியர்), போனி மோட்டார் (பெரிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் சின்ன பெட்ரோல் எஞ்சின்), இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிகால் திருகு உண்டு. திருகை முழுசாகக் கழற்றாமல் கால் சுற்று, அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். கண்ணாடிப் போத்தலில் பிடித்து, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி ஒரு நாள் வையுங்கள்.

என் வண்டியில் வலது ஃபைனல் டிரைவிலிருந்து முதலில் ஒரு போத்தல் நிறையத் தண்ணீர் வந்தது, அப்புறம் பால் காப்பி நிறத்தில் குழம்பு. இடதில் கறுப்பாக, கெட்டியாக நல்ல எண்ணெய். வலது பக்கத்தைத் திறக்க வேண்டும், இடது பக்கத்தைத் தொட வேண்டாம் என்று அந்த இரண்டு போத்தல்களும் சொல்லிவிட்டன. நன்றாக இருப்பதைச் சும்மா பிரித்துப் பார்க்காதீர்கள். எழுபது வருடம் பழகிப் படிந்த சீல் ஒருமுறை பிரித்தால் பழையபடி உட்காராது.

இறுகிய எஞ்சின்

நான்கு சிலிண்டர் டீசல். புகைக்குழாய் வழியே மழைத் தண்ணீர் போய் ஒன்றோ இரண்டோ சிலிண்டர் இறுகியிருப்பது சகஜம். இங்கேதான் ஆசை வந்து கெடுக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீலில் கம்பியை மாட்டி நெம்பத் தோன்றும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு பட்டறையில், இதே மாதிரி நின்றுபோன ஒரு எஞ்சினை நானும் இன்னொருவரும் சேர்ந்து நெம்பினோம். அசைந்தது. சந்தோஷப்பட்டோம். உள்ளே வால்வு இரண்டு துருவில் திறந்தபடியே ஒட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது. பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்தது, புஷ் ராடு வளைந்தது. அன்றைக்குக் கேட்ட அந்தச் சின்னச் சத்தம், "டிக்" என்று, இன்னும் காதில் இருக்கிறது. அதனால் முதலில் வால்வு மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வால்வின் தலையிலும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே போய் ஸ்பிரிங்கோடு துள்ளித் திரும்பினால் சரி. போகாமல் நின்றாலும், போய்த் திரும்பாமல் இருந்தாலும் அதன் தண்டில் எண்ணெய் விட்டுத் தினமும் தட்டிக் கொடுங்கள். எல்லா வால்வும் துள்ளும்வரை ஃபிளைவீல் பக்கம் போகக்கூடாது.

அடுத்து, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி அந்தத் துளை வழியே சிலிண்டருக்குள் ஊறல் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் கியர் எண்ணெயும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி, குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், ஏனென்றால் இரண்டும் பிரிந்துவிடும். அசிட்டோன் சட்டென்று பற்றும். வெல்டிங் நடக்கும் இடத்தில் கலக்காதீர்கள். ஊற்றிவிட்டு விடுங்கள். வாரம் ஒருமுறை, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு மறுபடி ஊற்றுங்கள். ஃபிளைவீலில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கையளவு பலத்தில் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். முன்னால் மட்டும் தள்ளாமல் இரண்டு பக்கமும் ஆட்டினால் துரு தூளாகி எண்ணெயோடு கரையும். எங்களுக்கு ஏழாவது வாரம், கோடு ஒரு விரல் அகலம் நகர்ந்தது. என் மருமகன் ஓடிவந்து, "மாமா, நகர்ந்துருச்சு!" என்று கத்தினான். அதோடு அன்றைக்கு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுவாரம் கால் சுற்று. அதற்கு மறுவாரம் முழுச் சுற்று.

எக்காரணத்தைக் கொண்டும் போனி மோட்டாரைக் கொண்டோ வேறு வண்டியால் இழுத்தோ இறுகிய எஞ்சினைச் சுற்றாதீர்கள்.

டீசல் பம்ப்: உயிருக்கு ஆபத்தான இடம்

எஞ்சின் சுற்ற ஆரம்பித்தவுடன் கைகள் பரபரக்கும். இன்னும் ஒரு வேலை பாக்கி. இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனி பம்ப். எல்லாவற்றையும் ஒரு பல்சட்டம் சேர்த்துத் திருப்பி, எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறது. பழைய டீசல் காய்ந்தால் அரக்கு மாதிரி ஆகிவிடும். நாலு பம்ப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் பல்சட்டம் அப்படியே நிற்கும். அது முழு டீசல் போகும் நிலையில் நின்றால், எஞ்சின் ஸ்டார்ட் ஆன கணத்திலிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும், லீவரைத் தள்ளினாலும் அடங்காது. அது சிதறும்வரை ஓடும்.

ஆகவே, ஆக்சிலேட்டர் லீவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளி, பல்சட்டம் கூடவே வழுக்கிப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். தயங்கினால் பம்ப்புகளைக் கழற்றிச் சுத்தமான டீசலில் ஊற வைத்து ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஒரு பம்ப்பின் பிளஞ்சரை (உள்ளே ஏறி இறங்கும் தண்டு) இன்னொரு பம்ப்பில் மாற்றிப் போடக்கூடாது, அவை ஜோடியாகத் தேய்க்கப்பட்டவை. எனக்கு மூன்றாவது பம்ப் ஒட்டியிருந்தது. முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் நாளில் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை முழுசாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். வேகம் எகிறினால் வாயை அடைத்துவிடலாம். காற்று இல்லாவிட்டால் எஞ்சின் நிற்கும். உள்ளங்கையால் அடைக்கப் போகாதீர்கள்.

டேங்க்கைக் கழற்றி உள்ளே ஒரு பிடி நட்டும் சின்னச் சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஃபில்டர்களைப் புதிதாக மாற்றுங்கள். இப்போது விற்கும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு, அந்தக் காலத்து டீசல் மாதிரி இல்லை. நான் பம்ப்புகளின் வழவழப்புக்காகக் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் சேர்க்கிறேன்.

போனி மோட்டார்

இந்த வண்டியின் அழகே இதில்தான் இருக்கிறது. பெரிய டீசல் எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய முடியாது, அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் பேட்டரியை நம்பவும் முடியாது. அதனால் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வைத்தார்கள். அதுதான் போனி. அதைக் கையால் ஸ்டார்ட் செய்தால், அது டீசல் எஞ்சினைச் சுற்றிக் கொடுக்கும். சுற்றுவதோடு விடாது. இரண்டுக்கும் ஒரே ரேடியேட்டர் தண்ணீர், ஆகவே போனி சூடானால் பெரியதும் சூடாகும். போனியின் புகைக்குழாய் டீசல் எஞ்சினின் காற்றுக்குழாய்க்குள் புகுந்து வெளியே வருகிறது. உள்ளே போகும் காற்றும் வெதுவெதுப்பாகிவிடும். பனி கொட்டும் ஊர்களுக்காகச் செய்த ஏற்பாடு. நம் ஊரில் அவ்வளவு தேவையில்லை என்றாலும், பல வருடம் நின்ற எஞ்சினுக்கு அந்தச் சூடு வரம்.

போனி ஓடாததற்குப் பத்தில் எட்டு முறை மேக்னெட்டோதான் காரணமாக இருக்கும். பேட்டரி இல்லாமல் தானே மின்பொறி உண்டாக்கும் சாமான் அது. நம் ஈரப்பதத்தில் உள்ளே பூஞ்சை படியும். மூடியைத் திறந்து, பாயின்ட்டுகளை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்து, சுத்தமான காகிதத்தை நடுவில் விட்டு உருவுங்கள். கண்டென்சரை மாற்றிவிடுங்கள், பழையது நம்பத்தகாதது. சுருளைத் திறந்த வெளியில் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள், அல்லது ஒரு பல்பை எரியவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். கையால் மெதுவாகச் சுற்றும்போது "க்ளக்" என்று ஒரு துள்ளல் கேட்க வேண்டும். குறைந்த வேகத்திலும் நல்ல பொறி வரச் செய்யும் ஸ்பிரிங் அது. அந்த "க்ளக்" கேட்காவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் பலனில்லை.

கார்புரேட்டரில் ஊசி வால்வு ஒழுகினால் பெட்ரோல் போனியின் எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் அளவு தானாக ஏறினால், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் உடனே வடித்துவிடுங்கள். இதற்கு அப்பா சொன்ன வைத்தியம் இன்றும் சரி: போனியை நிறுத்தச் சுவிட்சைத் தொடாதே, பெட்ரோல் குழாயை மூடு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1998இல் நின்றுபோனது. போனியின் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், 92 ஆக்டேன் ரகமே போதும்.

ஸ்டீயரிங் கிளட்ச்

இந்த வண்டிக்கு ஸ்டீயரிங் சக்கரம் இல்லை. இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குச் சக்தி நின்று வண்டி இடப்பக்கம் திரும்பும். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கிய உலர் கிளட்ச். வருடக்கணக்கில் நின்றால் தட்டுகள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டும், லீவரை இழுத்தாலும் வண்டி நேராகவே போகும். லேசான ஒட்டல் என்றால், லீவரை இழுத்த நிலையில் கயிற்றால் கட்டிவைத்து, திறந்த வெளியில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் பிரிந்துவிடும்.

பிரிக்க வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கிளட்ச், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து, துணியை இரட்டைப் பையில் கட்டி, முறையாக அகற்றுபவரிடம் கொடுங்கள். நல்ல முகக்கவசம் கட்டாயம். அந்தக் காலத்தில் நாங்கள் கவசமே இல்லாமல் ஊதினோம். என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டு பேர் நுரையீரல் கெட்டுப் போனார்கள். என் மருமகனை இந்த வேலையின்போது பக்கத்திலேயே விடவில்லை.

செயின்

1904 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம், கேட்டர்பில்லரின் முன்னோடி நிறுவனத்தை நடத்திய பெஞ்சமின் ஹோல்ட் தன் நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகை கோர்த்த சங்கிலிகளை மாட்டி ஓட்டிப் பார்த்தார். சக்கரம் புதையும் மெத்து மண் அது. அதே காரணத்துக்காகத்தான் ஜூரோங் சதுப்பிலும் செயின் வண்டிகள் வந்தன. ஆனால் சங்கிலி என்றால் தேய்மானம். டி2-இல் அதிகம் செலவு வைப்பதும் இதுதான், ஆகவே வாங்கும் முன்பே பார்க்க வேண்டியதும் இதுதான்.

செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களைப் பக்கவாட்டில் பாருங்கள். நுனி கூர்மையாகி ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருந்தால், செயின் கண்ணிகளைக் கோர்க்கும் 'பின்'களும் அவற்றின் மேல் மாட்டிய உருளைக் குழாய்களான புஷ்களும் தேய்ந்துவிட்டன. புஷ் ஒரு பக்கம்தான் தேயும். செயினைக் கழற்றிப் பெரிய பிரஸ்ஸில் பின்களையும் புஷ்களையும் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். இன்னொரு ஆயுள் கிடைத்த மாதிரி. இதை வீட்டில் செய்ய முடியாது, பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கழற்ற, எல்லாப் பின்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒன்றின் முகத்தில் மட்டும் வேறு அடையாளம் இருக்கும், நடுவில் குழியோ துளையோ. அதுதான் மாஸ்டர் பின். செயினை நகர்த்தி அதை முன்சக்கரத்துக்கு நேரே கொண்டுவந்து, செயினின் இரண்டு முனைக்கும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் பின்னை அடித்து எடுக்க வேண்டும். ஒரு பக்கச் செயினே நாலைந்து பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம், சரிந்தால் காலை நசுக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் தடித்த சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கும் நீள போல்ட்டைத் தெரியாமல் கழற்றிவிட்டால் அது பீரங்கி. அதற்கென்று கூண்டும் பிரஸ்ஸும் உள்ளவர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. செயினைத் தளர்த்தும் திருகு வேறு, இது வேறு. இரண்டையும் மருமகனுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் காட்டினேன்.

திரும்ப மாட்டியபின் மேல்பக்கச் செயின் நடுவில் ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தொய்வு இருக்கட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பார்க்க அழகு, ஆனால் எல்லாம் சீக்கிரம் தேயும்.

துரு, போல்ட், சாமான்

சின்னச் சாமான்களின் துருவுக்கு மின்சாரக் குளியல் போல வேறெதுவும் இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை சாமானில், பிளஸ் முனை வேண்டாத இரும்புத் தகட்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஓர் இரவு விட்டால் துரு கறுப்புச் சேறாக மாறும், பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். நல்ல இரும்பைத் தின்னாது. பிளஸ் முனையில் எவர்சில்வர் தகட்டைப் போடவே கூடாது, தண்ணீர் நஞ்சாகும். அலுமினியச் சாமானை இதில் போட்டால் அரித்துவிடும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், எனவே கதவைத் திறந்து வையுங்கள்.

வராத நட்டைச் சூடாக்கிவிட்டு, மெழுகுவர்த்தியை மரையில் தேயுங்கள். சூட்டில் மெழுகு உள்ளே இழுக்கப்படும். ஆறியபின் முறுக்கினால் வரும். எல்லாம் அங்குல மரைகள். மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் ஓட்டை வீணாகும். அங்குல ஸ்பேனர்கள், போல்ட்டுகளுக்கு ஜாலான் புசார் பக்கம் பழைய இரும்புச் சாமான் கடைகளில் ஏறி இறங்குங்கள். முன்பு சுங்கை ரோடு சந்தையில் இதெல்லாம் தரையில் குவிந்து கிடக்கும். 2017 ஜூலையில் அது மூடியபிறகு எனக்கு ஒரு கை ஒடிந்த மாதிரி. பேரிங்குகளுக்குப் பயம் வேண்டாம். ஓரத்தில் அடித்த எண்ணைப் படித்துப் பேரிங் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் இன்றும் கிடைக்கும். செம்பு வாஷரைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

கிடைக்காத ஒரு புஷ்ஷைப் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் கடைசலில் கடைந்து கொடுத்தார். தேய்ந்த பழையதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது முன்ன எவ்வளவு இருந்திருக்கும்னு தேயாத ஓரம் சொல்லுது" என்றார். அளவுகோலை எடுத்து அந்த மெல்லிய ஓரத்தை மட்டும் அளந்தார். மாட்டும்போது தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, கைக்கு வழுக்கி உள்ளே போனது.

பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேட்டர்பில்லர் 1931 கடைசியில் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளுக்கு மாறியது. 1979இல் அந்த மஞ்சளையும் மாற்றினார்கள். டி2-க்குப் பழைய மஞ்சள்தான் சரி. இப்போதைய வண்டியின் நிறத்தை அடிக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் ஸ்பிரே செய்தால் பெயின்ட் வெளுத்துப் பால் படிந்த மாதிரி ஆகும். நான் பிப்ரவரிவரை காத்திருந்து, பிற்பகல் வெயிலில் அடித்தேன். எஞ்சின் ஓடி, ஒழுகல்கள் தெரிந்து, சரிசெய்தபின் கடைசியாகத்தான் பெயின்ட்.

அந்தக் காலை

வரிசை இது. டீசலை மூடு. அழுத்த லீவரை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளு, அப்போது டீசல் எஞ்சின் அழுத்தமில்லாமல் லேசாகச் சுற்றும். போனியின் கிளட்ச்சைப் பிரித்து, பெட்ரோலைத் திறந்து, சோக்கை இழு. போனியைச் சுற்ற, சில வண்டிகளில் கயிறு, சிலவற்றில் கைப்பிடி. கைப்பிடி என்றால் பெருவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், எதிர்த்து அடித்தால் பெருவிரல் தப்பும். போனி பிடித்தபின் இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். ஃபிளைவீலைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனைக் கோர்த்து, கிளட்ச்சை மெதுவாகச் சேர். டீசல் எஞ்சின் சுற்றும். எண்ணெய் அழுத்த முள் ஏறும்வரை அப்படியே சுற்றவிடு. தண்ணீர்க் குழாயைத் தொட்டால் சூடு தெரிய வேண்டும். பிறகு அழுத்த லீவரை ரன் நிலைக்கு மாற்று. போனி திணறும், மூச்சு வாங்கும். கடைசியாக டீசலைத் திற.

போனி திணறிய அந்தச் சில விநாடிகளில் புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஒரு சிலிண்டர் அடித்தது. இன்னொன்று. மருமகன் பலகையை நெஞ்சோடு அணைத்தபடி காற்று வாய்க்கு முன்னால் நின்றான். மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தவுடன் சத்தம் மாறியது, தரை வழியாகக் காலுக்கு வந்தது. லீவரைக் குறைத்தேன். எஞ்சினும் குறைந்தது. பல்சட்டம் சொன்னபடி கேட்கிறது என்று தெரிந்தபிறகுதான் பலகையைக் கீழே வைக்கச் சொன்னேன். மரப் பட்டறை முதலாளி காப்பிக் கோப்பையோடு வந்து நின்றுவிட்டு ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டினார். அப்பா இருந்திருந்தால் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு இடைவெளி கூடுதல் என்று சொல்லியிருப்பார். எனக்கு அது பிடிபட மறுவாரம் ஆனது. இரண்டாவது சிலிண்டர்.

முதல் பத்து மணி நேரம் ஓட்டியபின் எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். உள்ளே இளகிய கசடு எல்லாம் அதோடு வந்துவிடும். நான் எஸ்.ஏ.ஈ. 30 ஊற்றுகிறேன்.

ஓடிவிட்டது என்று நிறுத்திப் போட்டால் மறுபடி பழைய கதைதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஓடவிட்டு, முன்னும் பின்னும் பத்தடி நகர்த்தி, இரண்டு ஸ்டீயரிங் லீவரையும் இழுத்து விடுங்கள். கிளட்ச் தட்டுகள் ஒட்டாது. போனியைப் பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆறியபின் புகைக்குழாய் வாயில் ஒரு காலி பால் டின்னைக் கவிழ்த்து வையுங்கள். காப்பிக்கடையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அப்பாவும் தோட்டத்தில் அதைத்தான் கவிழ்ப்பார். அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் டின் கூரைவரை பறக்கும், ஆகவே எடுத்து இருக்கையில் வைத்துவிட்டுத்தான் போனி பக்கம் போக வேண்டும்.